விடிகாலையில் மக்கர் செய்யும் வான்கோழி அழைப்பான்

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டை ஃப்ளோரிடாவின் தென்பகுதியில் மார்ச் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். வடக்கு மாநிலங்கள் பலவற்றில் மே பிறக்க வேண்டும். எங்கே தொடங்கினாலும், பெட்டையின் குரலைப் போலி செய்து சேவலை வரவழைக்க வாயால் ஒலிக்கும் அழைப்பான்களைப் பற்றி வரும் கேள்விகள் விடிவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைத்தான் சுற்றி வருகின்றன. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். அடிக்கடி வரும் பெயர் டயஃப்ரம்: லாட வடிவச் சட்டத்தில் லேட்டக்ஸ் ஏடுகளை (ரீட்) கட்டி, மேலண்ணத்தில் வைத்து ஊதும் சிறு கருவி.

கேள்வி: மாலையில் வீட்டில் ஊதும்போது டயஃப்ரம் அருமையாகப் பேசுகிறது. காலை ஐந்தரை மணிக்குக் காட்டில் வைத்தால் ‘புஸ்’ என்று காற்றுதான் வருகிறது. நாக்கால் கொஞ்சம் அழுத்தினால் கீச்சென்று கத்துகிறது. என்னுடையது மூன்று ரீட், ஏடு வௌவால் இறக்கை வடிவத்தில் வெட்டியது. வேறு வாங்கட்டுமா? – வாசகர், பென்சில்வேனியா

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். மாலையில் நன்றாகப் பேசுகிறது என்றால் கருவியிலும் குறையில்லை, உங்கள் பழக்கத்திலும் குறையில்லை. வாயும் ரப்பரும் இன்னும் தூக்கம் கலையாமல் இருக்கின்றன.

முதலில் வாய். தூங்கும்போது எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுபோகிறது. எழுந்த கையோடு வாயில் இருப்பது கெட்டியான, பிசுபிசுத்த எச்சில். டயஃப்ரத்துக்குத் தேவையானதோ தண்ணீர்போன்ற மெல்லிய ஈரம். லேட்டக்ஸ் ஏடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித் துடிப்பதற்கும், ஓரத்து டேப் மேலண்ணத்தில் காற்றுப் புகாமல் ஒட்டுவதற்கும் அந்த ஈரம் வேண்டும். பிசுபிசுத்த எச்சில் பட்டால் ஏடுகள் ஒட்டிக்கொள்கின்றன. காய்ந்த அண்ணத்தில் டேப் சரியாக உட்காராமல் பக்கவாட்டில் காற்று ஒழுகுகிறது. நீங்கள் கேட்கும் ‘புஸ்’ இந்த ஒழுகலின் சத்தம்தான்.

ஏப்ரல், மே மாதங்களில் மகரந்த ஒவ்வாமைக்கு மாத்திரை போடுகிறவராக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய வகை ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகள், முக்கியமாக இரவில் போட்டால் தூக்கம் வரவழைப்பவை, வாயை நன்றாகக் காயவைக்கும். மூக்கு அடைத்து இரவெல்லாம் வாயால் மூச்சு விட்டாலும் இதே கதிதான். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வாயை அவ்வளவாகக் காயவைக்காத மாற்று இருக்கிறதா என்று மருத்துவரிடம் சீசனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். முந்தைய இரவு மது அருந்தினால், மறுநாள் காலை வாய் ஈரத்தை எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது ரப்பர். குளிரில் லேட்டக்ஸ் விறைக்கும். 35 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சட்டைப்பையில் கிடந்த மூன்று ரீட் டயஃப்ரத்தை வாயில் வைத்த நொடியே ஊதினால், மாலையில் ஊதிய அளவு காற்றுக்கு அது அசையாது. அசையவில்லையே என்று நாக்கு தானாகவே மேலே அழுத்தும். அழுத்தம் கூடினால் துடிக்க இடமில்லாமல் கீச்சிடும். ஒழுகலும் கீச்சும் மாறி மாறி வருவது இதனால்தான்.

சூரிய உதயம் ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணிக்கு எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல், வாயில் நிறுத்தி நிறுத்திக் குடியுங்கள். பல்லோடு நாக்கையும் வழித்துவிடுங்கள். காபி இல்லாமல் முடியாது என்றால் பாலும் சர்க்கரையும் போடாத காபி. அதன்பின் வெறும் வெந்நீரால் நன்றாகக் கொப்பளியுங்கள். பாலாடையும் சர்க்கரையும் நாக்கில் பூசிக்கொண்டால் ஏடுகளுக்குப் பசை தடவியது மாதிரி.

நாலே முக்காலுக்குக் காரில் ஏறியதும் உள்விளக்கைப் போட்டு டயஃப்ரத்தைப் பாருங்கள். ஏடுகள் ஒட்டாமலிருக்க நடுவே பல்குச்சி செருகி வைக்கும் பழக்கம் இருந்தால் அதை எடுத்துவிட்டோமா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே வாயில் வையுங்கள். முதல் பத்து நிமிடம் ஊத வேண்டாம். கன்னத்துக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளுங்கள். வாயில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்ததும் எச்சில் ஊறத் தொடங்கும். ரப்பரும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிட்டுப் பதப்படுத்திய பிறகே வாத்தியத்தில் பொருத்துகிறார் அல்லவா, அந்தப் பொறுமைதான் இதற்கும் வேண்டும்.

பிறகு அண்ணத்தில் ஏற்றுங்கள். லாட வடிவச் சட்டத்தின் திறந்த பக்கம் முன்பற்களைப் பார்க்க வேண்டும். குட்டையான ரீட் கீழே, நாக்கைத் தொடும்படி இருக்க வேண்டும். இருட்டில் அவசரத்தில் தலைகீழாக வைத்துவிட்டு “இன்றைக்கு வரவில்லை” என்று நொந்துகொள்பவர்கள் நிறையப் பேர். சட்டத்தின் ஒரு மூலை டேப்பை நகவெட்டியால் சின்னதாக நறுக்கி வைத்துக்கொண்டால் விரல்நுனியிலேயே மேல்கீழ் தெரியும்.

கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கண்ணாடிமேல் ஆவி படிய ஊதுவதுபோல் அடிவயிற்றிலிருந்து ‘ஹா’ என்று காற்றை விடுங்கள். கன்னத்தை உப்பி ஊதக் கூடாது. ஐந்து விநாடி நீளமான ஒற்றை உச்சத் தொனி பத்துத் தடவை. அது சுத்தமாக வந்ததும் தாடையைக் கீழே தளர்த்தி அந்தத் தொனியைக் கீழே உடையுங்கள். ‘ஈ–யாக்’. பெட்டை வான்கோழி கூப்பிடும் ஒலியான யெல்ப் இந்த இரண்டு தொனிகள்தான், மேலே தெளிவு, கீழே கரகரப்பு. இதை நல்ல சத்தத்தில் இருபது, பிறகு சத்தத்தைப் பாதியாக்கி இருபது, கடைசியில் பக்கத்து சீட்டுக்கு மட்டும் கேட்கும் அளவில் இருபது. காரை நிறுத்தும் இடத்துக்கு ஒரு மைல் முன்பே வாயை மூடிவிடுங்கள்.

காட்டுக்குள் நடக்கும்போது டயஃப்ரம் கன்னத்தில் இருக்கலாம், மூச்சு மூக்கால் வரவேண்டும். செங்குத்தான ஏற்றம் என்றால் வெளியே எடுத்துவிடுங்கள். இருட்டில் கால் தடுக்கும்போது தொண்டைக்குள் போகக் கூடிய பொருள் அது. எடுத்ததைக் குளிர்ந்த வெளிப்பையில் போடாமல், உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கோளாறு வந்தால் சத்தத்தைக் கேட்டே காரணத்தைப் பிடிக்கலாம். வெறும் காற்று மட்டும் வந்தால் ஏடு ஒட்டியிருக்கிறது, அல்லது ஓரத்தில் ஒழுகுகிறது. உச்சத் தொனி வந்து கீழ்த்தொனி உடையாவிட்டால் தாடை இறுகியிருக்கிறது. குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது சகஜம். கொழகொழவென்று வந்தால் எச்சில் தேங்கிவிட்டது. அப்போது நாக்கைத் தளர்த்தி டயஃப்ரத்தின் வழியாகவே மெல்லக் காற்றை உள்ளிழுத்து விழுங்குங்கள். துப்பினால் சத்தமும் வரும், தலையும் அசையும்.

உங்கள் மூன்று ரீட் டயஃப்ரத்தை வெயில் ஏறிய பிறகு, சத்தமாகக் கூப்பிட வேண்டிய நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூடவே மெல்லிய லேட்டக்ஸில் இரண்டு ரீட் ஒன்று இருந்தால் முதல் ஒரு மணி நேரம் சுலபமாகும். அங்குலத்தில் ஆயிரத்தில் 3 பங்கு கனமுள்ள ஏட்டுக்கும் 4 பங்கு கனமுள்ள ஏட்டுக்கும் உள்ள வித்தியாசம் மாலையில் பெரிதாகத் தெரியாது. விடிகாலையில் நன்றாகவே தெரியும்.

கேள்வி: என் டயஃப்ரத்தின் ஏடுகள் ஒவ்வொரு நாள் காலையிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நகத்தால் பிரித்ததில் ஒன்று கிழிந்தேவிட்டது. – வாசகர், மிஸோரி

பதில்: ஒட்டுவது முந்தைய நாள் எச்சில். வீடு திரும்பியதும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் இருபக்கமும் அலசி, உதறி, ஏடுகளுக்கு நடுவே பக்கவாட்டில் தட்டையான பல்குச்சி ஒன்றைச் செருகி, காற்றோட்டமுள்ள டப்பாவில் உலரவிடுங்கள். கூர் உருண்டைக் குச்சி வேண்டாம், வெட்டின் மூலையில் பட்டால் அங்கிருந்தே கிழியும். சுடுதண்ணீரில் அலசவே கூடாது.

மறந்துபோய் ஒட்டிவிட்டதா? நகத்தை வைக்காதீர்கள். அறைச்சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்தால் பெரும்பாலும் தானாகவே விலகும். விலகாவிட்டால் ஈரத்தோடு பல்குச்சியின் தட்டையான முனையை ஓரத்திலிருந்து உள்ளே நகர்த்துங்கள்.

லேட்டக்ஸின் எதிரிகள் வெப்பமும் வெயிலும். கார் டாஷ்போர்டில் ஒரு பகல் கிடந்தால் போதும், ரப்பரின் விறைப்பு போய்விடும். சீசன் முடிந்ததும் நன்றாக உலர்த்தி, மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது. ஆனால் வேட்டை நாளன்று அங்கிருந்து நேரே வாய்க்குப் போகக் கூடாது, முந்தைய இரவே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். முனைகள் நெளிந்தும் தொட்டால் பிசுபிசுப்பாகவும் இருக்கும் டயஃப்ரத்தைக் காப்பாற்ற முயல வேண்டாம். நேர்மாறாக, புத்தம் புதியதைச் சீசனின் முதல் காலையில் கொண்டுபோவதும் தவறு. அதை ஒரு வாரம் முன்பே வாங்கி, இருபது முப்பது நிமிடமாவது ஊதிப் பழக்கியிருக்க வேண்டும்.

கேள்வி: காலையில் டயஃப்ரத்தை வைத்தாலே குமட்டுகிறது. மதியம் அவ்வளவாக இல்லை. – வாசகர், ஒஹாயோ

பதில்: வெறும் வயிறும் காய்ந்த தொண்டையும் சேர்ந்தால் குமட்டல் கூடும். ஒரு ரொட்டித்துண்டு சாப்பிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வையுங்கள். அதைவிட முக்கியம் அளவு. டேப்பின் பின்விளிம்பு மென்மையான பின் அண்ணத்தைத் தொட்டால் யாருக்குமே குமட்டும். சின்னக் கத்தரிக்கோலால் பின்விளிம்பை ஒரு நூல் அளவு நறுக்கி, வைத்துப் பார்த்து, தேவையானால் இன்னொரு நூல் நறுக்குங்கள். அலுமினியச் சட்டம் தெரியும்வரை போகக் கூடாது. பிறகு சட்டத்தின் இரு பக்கங்களையும் கட்டைவிரல்களால் லேசாகக் கீழ்நோக்கி வளைத்தால் அண்ணத்தின் கூரையோடு பொருந்தும். சட்டம் சிறிதாக உள்ள டயஃப்ரங்களும் கிடைக்கின்றன, இளைஞர்களுக்கு என்று விற்பது பெரியவர்கள் பலருக்கே சரியாக இருக்கும். வைத்ததும் மூக்கால் மூச்சு விடுங்கள், நாக்கைப் பின்னுக்கு இழுக்காதீர்கள்.

கேள்வி: மேல்வரிசை முழுவதும் செயற்கைப் பல். எனக்கு டயஃப்ரம் சரிப்படுமா? மகனுக்கு லேட்டக்ஸ் ஒவ்வாமை வேறு. – வாசகர், ஜார்ஜியா

பதில்: மேல்தட்டு அண்ணத்தை மூடிவிடுவதால் டேப் ஒட்டுவது கடினம். காலையில் தட்டே முழுதாகப் பிடிக்காத நேரத்தில் இன்னும் கடினம். சிலர் சிறிய சட்டத்தோடு சமாளிக்கிறார்கள். உங்களுக்கு நாங்கள் சொல்வது எலும்பு அழைப்பான் அல்லது மரத்தில் கடைந்த டிரம்பெட் வகை. வாய்க்கு உள்ளே எதுவும் வைக்க வேண்டியதில்லை, லேட்டக்ஸும் இல்லை. மகனுக்கும் அதுதான். ஒவ்வாமை இருப்பவர் டயஃப்ரத்தைச் சோதனைக்காகக்கூட வாயில் வைக்கக் கூடாது. டியூப் அழைப்பானின் வாயிலும் பெரும்பாலும் லேட்டக்ஸ்தான் கட்டியிருக்கும், அதையும் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: சிறகெலும்பு அழைப்பான் வைத்திருக்கிறேன். குளிர்ந்த காலையில் முதல் ஐந்தாறு இழுப்பு ஒலிக்கிறது, பிறகு மந்தமாகிறது. உதடும் மரத்துப்போகிறது. – வாசகர், டென்னசி

பதில்: ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அமெரிக்கப் பூர்வகுடிகள் கையாண்ட கருவி இது. பெட்டை வான்கோழியின் சிறகிலுள்ள மூன்று எலும்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்திச் செய்வார்கள். மெல்லிய ஆர எலும்பு வாய்ப்பக்கம், நடுவில் முழங்கை எலும்பு, கடைசியில் அகன்ற மேற்கை எலும்பு. இதை ஊதுவதில்லை, இழுக்க வேண்டும். அதில்தான் உங்கள் விடையும் இருக்கிறது.

வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்வரை குழாய்க்குள் பெரிதாக ஈரம் சேராது. ஒரு இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே உதட்டை எடுக்காமல் மூச்சை வெளியே விட்டால், உங்கள் சூடான மூச்சு குளிர்ந்த எலும்புக்குள் போய் நீராகப் படியும். ஐந்தாறு மூச்சில் உட்சுவர் முழுக்க ஈரமாகி ஒலி அமுங்கிவிடும். ஒவ்வொரு தொடருக்குப் பின்னும் எலும்பை உதட்டிலிருந்து விலக்கிவிட்டு மூச்சு விடுங்கள், அல்லது மூக்கால் விடுங்கள். மந்தமானதும் வாய்ப்பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, மணிக்கட்டால் ஒரு உதறு. ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது, ஈரம் கூடத்தான் செய்யும். எலும்பைச் சட்டைக்குள் மார்போடு தொங்கவிட்டால் குளிரேறாது.

ஒலியைப் பிறப்பிப்பது உதடுதான். யாராவது கஷ்டத்தைச் சொன்னால் நாம் உச்சுக் கொட்டுவோமே, அதே அசைவு. வாய்முனையைக் கால் அங்குலம் மட்டும், உதடுகள் இறுக்கமாகச் சேரும் இடத்தில் வையுங்கள். அது நடுவில் இல்லாமல் சற்று ஓரமாகவும் இருக்கலாம். மரத்துப்போன உதடு இறுகாது, அதனால் காற்றுதான் வரும். கழுத்துத் துணியை உதடுவரை ஏற்றி, கூப்பிடும்போது மட்டும் இறக்குங்கள். வெடிப்புக்குத் தடவும் லிப் பாம் படுக்கும்முன் போதும். காலையில் தடவினால் எலும்பு வழுக்கி, பிடி கிடைக்காது.

கேள்வி: மரத்தில் அடைந்திருக்கும் சேவலை மெல்லிய ஒலியில் கூப்பிடவேண்டும் என்கிறார்கள். எனக்குச் சத்தமாகத்தான் சுத்தமாக வருகிறது, மெல்ல ஊதினால் உடைந்துபோகிறது. சத்தமாகவே கூப்பிட்டால் என்ன? – வாசகர், அலபாமா

பதில்: கூப்பிட்டால் சேவல் பதில் சொல்லும், அதோடு கிளையிலேயே உட்கார்ந்திருக்கும். இயற்கையில் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். ஆசையாகச் சத்தமிடும் பெட்டை தானாகவே வந்துவிடும் என்று அது காத்திருக்கும். கண் விழித்த பெட்டை கிளையில் இருந்தபடி எழுப்பும் யெல்ப் மூன்று முதல் ஐந்து ஒலி, மூக்கால் முனகுவதுபோல், வாயை மூடிக்கொண்டு பேசுவதுபோல். நாள் முழுவதிலும் மிக நுணுக்கமான ஒலியை, வாய் மிகவும் தயாராகாத நேரத்தில் கேட்கிறோம். இந்த முரண்தான் எல்லாருடைய சிரமத்துக்கும் வேர்.

மெல்ல ஊதினால் உடைவதற்குக் காரணம், காற்றைக் குறைக்கும்போது நாக்கழுத்தத்தையும் சேர்த்தே விட்டுவிடுவது. நாக்கு அதே இடத்தில், ரீட்டை லேசாகத் தாங்கியபடி இருக்கட்டும். காற்று மட்டும் குறையட்டும், உதடுகளை ஏறக்குறைய மூடிவிடுங்கள். வெளியே போகும் சத்தம் குறைந்தாலும் உள்ளே ரீட் துடிக்கப் போதுமான காற்று இருக்கும். உள்ளங்கையை வாய்க்கு அரை அடி முன்னால் பிடித்து, சேவல் இருக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் திரும்பி ஊதினாலும் ஒலி மழுங்கும்.

அதுவும் கைகூடாத காலையில், குச்சியால் உரசி ஒலியெழுப்பும் கற்பலகை அழைப்பானை எடுங்கள். பலகையில் சிறு வட்டமாக உரசும் யெல்ப்பை வேண்டிய அளவுக்கு மென்மையாக்கலாம், எச்சிலும் தேவையில்லை. பனி இறங்கினால் மரக்குச்சியின் முனை ஈரமாகி வழுக்கும், ஆகவே அக்ரிலிக் அல்லது கார்பன் குச்சி ஒன்று பையில் இருக்கட்டும். மூடியை விளிம்பில் உரசி ஒலிக்கும் பெட்டி அழைப்பான்களில், 1897-ல் காப்புரிமை பெற்ற கிப்ஸன் பெட்டி முதல் இன்றைய பெட்டிகள்வரை பெரும்பாலானவற்றுக்கும் இதே தொல்லைதான், சுண்ணக்கட்டி பூசிய விளிம்பு நனைந்தால் பேசாது. உரசும் கருவியில் கை அசையும் என்பதை மறக்கக் கூடாது. இருட்டு இருக்கும்வரை பரவாயில்லை. சேவல் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்ததும் கைகள் துப்பாக்கியில்தான் இருக்க வேண்டும், அப்போது டயஃப்ரத்துக்கு ஈடில்லை. 1921-ல் பென்சில்வேனியாவின் சாமுவேல் மெக்ளெய்ன் காப்புரிமை பெற்ற இந்தக் கருவியை வேட்டைக்காரர்கள் விடாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

ஒரு தடவை மெல்லிய யெல்ப். சேவல் பதில் சொன்னால் நீங்கள் இருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது. இறங்கும்வரை சும்மா இருங்கள். வாய் சரியாக இல்லாத காலைகளில் இந்த மௌனம் இரட்டை லாபம்.

கேள்வி: சேவல் எங்கே அடைந்திருக்கிறது என்று அறிய ஆந்தைபோல் கூவுகிறேன். காலையில் தொண்டை கட்டிப்போய் வரவே மாட்டேன் என்கிறது. – வாசகர், கென்டக்கி

பதில்: பட்டை ஆந்தையின் கூவல் நான்கு நான்காக எட்டு ஒலி, கடைசி ஒலி இழுத்துத் தாழும். தொண்டைக் குரலில் செய்வதானால் காரிலேயே தாழ்ந்த சுருதியில் முனகித் தொண்டையைத் திறந்துகொள்ளுங்கள். குளிர்காற்றில் முதல் சத்தமே உச்சமாக வைத்தால் குரல் பிசிறும். ஊதுகுழல் வகை ஆந்தை அழைப்பானுக்குக் குரலே வேண்டாம், ஆனால் அதில் ரீட் இருந்தால் அதுவும் மூச்சு ஈரத்தில் அடைக்கும், அவ்வப்போது உதறிவிடுங்கள். டயஃப்ரத்தை வாயில் வைத்துக்கொண்டே கூவ வேண்டாம். எட்டு ஒலியும் முடியும் முன்பே சேவல் கத்தும், அந்தக் கத்தல் உங்கள் கூவலில் அமுங்கிவிடும். நான்கில் நிறுத்திக் காது கொடுங்கள். தானாகவே கத்தும் சேவலுக்கு ஆந்தை தேவையே இல்லை.

கேள்வி: வாய் ஒத்துழைக்காத அன்று கைபேசியில் பதிவு செய்த பெட்டை ஒலியைப் போடலாமா? – வாசகர், வர்ஜீனியா

பதில்: கூடாது. பதிவு செய்த ஒலியாலும் மின்னணு அழைப்பானாலும் வான்கோழியை வரவழைப்பது பெரும்பாலான மாநிலங்களில் சட்டவிரோதம். சுடத் தொடங்கும் நேரத்தையும் அந்த ஆண்டின் மாநில விதிப்புத்தகத்தில் பாருங்கள். பல இடங்களில் அது உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. யெல்ப் வரவில்லை என்று சேவலின் கத்தலைப் போலி செய்யும் குலுக்குக் குழலைப் பொது நிலத்தில் கையில் எடுக்காதீர்கள். அரைகுறை வெளிச்சத்தில் சேவல் சத்தத்தை நோக்கி இன்னொரு வேட்டைக்காரர் ஊர்ந்து வரலாம். வான்கோழிச் சேவலின் தலையில் இருக்கும் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்கள் உங்கள் உடையிலும் கைக்குட்டையிலும் கூடாது. தோளகலத்துக்குக் குறையாத மரத்தில் முதுகு சாய்த்து உட்காருங்கள். யாராவது வருவது தெரிந்தால் கையசைக்காமல், அழைப்பானை ஊதாமல், மனிதக் குரலில் உரக்கப் பேசுங்கள்.